குளோண்டைக் தங்க வயல்களின் மௌனப் படச்சுருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1896 ஆகஸ்டில் கனடாவின் வடமேற்கு மூலையில், குளோண்டைக் ஆற்றில் கலக்கும் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. செய்தி வெளியுலகை எட்டியதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பதாயிரம் பேர். அந்தக் கூட்டத்தின் பயணத்தையும் உழைப்பையும் பிடித்துவைத்த சில மௌனப் படத் துண்டுகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. பல ஆண்டுகளாக இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். நண்பர்களுக்குக் காட்டும்போதெல்லாம் எழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

இருப்பவை என்னென்ன படங்கள்?

முதல் தொகுதி 1897-ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலை 17 அன்று 'போர்ட்லாண்ட்' என்ற கப்பல் குளோண்டைக் தங்கத்துடன் சியாட்டில் துறைமுகத்துக்கு வந்தது. ஊரே புறப்பட்டது. எடிசன் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர்கள் துறைமுகத்தில் மூட்டைகளும் குதிரைகளும் கப்பலில் ஏற்றப்படுவதையும், 'வில்லாமெட்' கப்பல் கிளம்புவதையும் படமாக்கினார்கள். தங்க வயல் அவற்றில் இல்லை. கரையில் நிற்கும் கூட்டம் இருக்கிறது.

இரண்டாம் தொகுதி எடிசன் நிறுவனம் 1901-இல் பதிப்புரிமைக்காகப் பதிவு செய்தது. ராபர்ட் பொனைன் என்ற ஒளிப்பதிவாளர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே போய் எடுத்தவை. 'குளோண்டைக்கில் தங்கம் அரித்தல்', 'ஹங்கர் ஓடை மேல் இருபதில் தங்கம் கழுவுதல்' என்று பொருள்படும் தலைப்புகள் அவற்றுக்கு. ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு மிக நெருக்கமானவை இந்த இரண்டும்தான்.

'மேல் இருபது' என்றால் என்ன?

அது ஒரு முகவரி. ஓர் ஓடையில் முதலில் தங்கம் கண்ட இடத்துக்குக் 'கண்டுபிடிப்பு' என்று பெயர் வைப்பார்கள். அங்கிருந்து நீரோட்டத்துக்கு எதிராகப் போகும் நிலத்துண்டுகள் மேல் ஒன்று, மேல் இரண்டு. நீரோட்டத்தோடு இறங்குபவை கீழ் ஒன்று, கீழ் இரண்டு. ஆக, ஹங்கர் ஓடையில் கண்டுபிடிப்பு இடத்துக்கு மேலே இருபதாவது துண்டு. ஓடைக்குப் பெயர் தந்த ஆண்ட்ரூ ஹங்கரே ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான்.

தொடக்கத்தில் ஒரு துண்டு ஓடையின் நீளவாக்கில் 500 அடி. ஓர் ஓடைப் பகுதியில் ஓர் ஆளுக்கு ஒன்றுதான். முதலில் கண்டவருக்கு மட்டும் இரண்டு. அவசரத்தில் காலடியால் அளந்து முளை அடித்ததால் பல துண்டுகள் கூடுதல் நீளமாக இருந்தன. அரசின் நில அளவையாளர் வில்லியம் ஒகில்வி திரும்ப அளந்தபோது இடையிடையே சிறு மிச்சங்கள் வெளிப்பட்டன. முதன்முதலில் தங்கம் கிடைத்த போனான்சா ஓடையில் அப்படிக் கிடைத்த 86 அடி மிச்சம் டிக் லோ என்பவருக்குப் போனது. வேண்டாவெறுப்பாக எடுத்துக்கொண்ட அந்தக் கீற்று, குளோண்டைக்கிலேயே அடிக்கணக்கில் மிக வளமான நிலங்களுள் ஒன்றானது.

படத்தின் தலைப்பில் வேறு எந்த விவரமும் இல்லை; வேலை செய்பவர்கள் யார் என்றும் இல்லை. நிலத்துக்கு எண் இருக்கிறது, ஆளுக்குப் பெயர் இல்லை. இந்தப் படங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துவது இதுதான்.

படத்தில் இருப்பவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்?

பெரும்பாலோர் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். ஆனால் அந்த 'அமெரிக்கர்'களில் ஏராளமானோர் சுவீடன், நார்வே, அயர்லாந்து, ஜெர்மனி என்று ஓரிரு பத்தாண்டுகளுக்கு முன்தான் கடல் கடந்து குடியேறியவர்கள். இது அவர்களுக்கு இரண்டாவது குடிபெயர்வு. கனடாவின் மற்ற பகுதிகளிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. தங்க வயலுக்குப் போகும் வழியிலுள்ள சில்கூட் கணவாயில் கரிய எறும்புச் சாரைபோல மனிதர்கள் ஏறும் புகழ்பெற்ற புகைப்படங்களை எடுத்த எரிக் ஹெக்கும் சுவீடனில் பிறந்தவர்.

எல்லைக் காவலர்கள் ஓர் ஆண்டுக்கான உணவும் தளவாடமும் இல்லாத எவரையும் உள்ளே விடவில்லை. அது ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமை. முதுகில் கொஞ்சம் ஏற்றி, கொண்டுபோய் வைத்துவிட்டு, இறங்கி வந்து மீண்டும் ஏற்றி, ஒரே கணவாயை முப்பது, நாற்பது முறை ஏறினார்கள். அதற்குப் பிறகு படகு கட்டி, யூக்கான் ஆற்றில் 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

1898 கோடையில் பெருங்கூட்டம் தங்க வயலுக்கு அருகே முளைத்த டாசன் நகரத்தை அடைந்தபோது நல்ல நிலத்துண்டுகள் எல்லாம் பிறர் கையில் இருந்தன. வந்தவர்களில் பலர் திரும்பிப் போனார்கள். பலர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தார்கள். 1901-இல் பதிவான படத்தில் மண் வாரிப் போடுகிறவரைத் 'தங்கம் கண்டவர்' என்று எண்ணிவிடாதீர்கள். அவர் கூலியாளாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அந்த மரப்பெட்டியை ஏன் தொட்டில்போல ஆட்டுகிறார்கள்?

அதன் பெயரே தொட்டில்தான். நம் வீட்டில் அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரிக்கன்சட்டியின் உள்பக்கம் வரிவரியாக இருக்கும். தண்ணீர் விட்டுச் சுழற்றினால் அரிசி தண்ணீரோடு வழிந்துவிடும், கல் வரிகளில் தங்கிவிடும். இங்கே கல்லுக்குப் பதில் தங்கம். தண்ணீரைப்போலப் பத்தொன்பது மடங்கு அடர்த்தி அதற்கு; மணலும் சரளையும் மூன்று மடங்குகூட இல்லை.

தொட்டிலின் மேலே துளையிட்ட தட்டு. அதில் மண்ணைக் கொட்டி, ஒரு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றி, மறு கையால் பெட்டியை ஆட்ட வேண்டும். பெரிய கற்கள் தட்டிலேயே நிற்க, மண்ணும் மணலும் கீழே விரித்த துணியில் இறங்கி, அடியில் குறுக்கே அறைந்த சட்டங்களைக் கடந்து ஓடும். சட்டங்களின் பின்னால் தங்கத் துகள் தேங்கும். தண்ணீர் தாராளமாகக் கிடைத்த இடங்களில் இதே வேலையை நீண்ட மரக்கால்வாய்கள் செய்தன: ஆட்கள் இருபக்கமும் நின்று மண்ணை வாரிப் போட, மற்றதை நீரோட்டம் பார்த்துக்கொண்டது.

படத்தைப் பார்க்கும்போது மண்ணைப் பார்க்காதீர்கள், தோள்களைப் பாருங்கள். ஆட்டுகிற கையின் தாளம் பிசகுவதே இல்லை. வேகம் கூடினால் தங்கமும் சேர்ந்து வழிந்துவிடும். குறைந்தால் மணல் கட்டிக்கொள்ளும். இடுப்பை எங்கே வளைப்பது, முழங்கையை எங்கே ஊன்றுவது என்ற நுட்பமெல்லாம் எந்த அரசு அறிக்கையிலும் இல்லை. இந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

பனிக்காலக் காட்சிகளை ஏன் காணோம்?

முக்கியமான கேள்வி. குளோண்டைக்கில் பாதி வேலை பனிக்காலத்தில்தான் நடந்தது. நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். இரவெல்லாம் விறகு மூட்டி ஓரடி, ஒன்றரையடி இளகவைத்து, காலையில் அதைத் தோண்டி, வாளியில் ஏற்றி வெளியே குவிப்பார்கள். மறுபடி நெருப்பு. இப்படியே அடிப்பாறையைத் தொடும்வரை. பிறகு நீராவிக் குழாயைச் செருகி இளக்கும் முறை வந்தது. குவித்த மண்ணைக் கழுவ வேண்டுமானால் ஓடையில் தண்ணீர் ஓட வேண்டும், அதாவது வசந்தம் வர வேண்டும். தன் மண்குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமலேயே ஒருவர் மாதக்கணக்கில் பூமிக்கடியில் புகை குடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைய ஃபிலிமுக்கு நல்ல வெயில் வேண்டும். டாசனின் டிசம்பரில் பகல் என்பதே சில மணி நேரம்தான். குழிக்குள் வெளிச்சமே கிடையாது. ஆகவே கேமரா கண்டது கழுவுகிற காலத்தை மட்டும். இந்தப் படங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு, குளோண்டைக் தங்கம் வெயிலில், திறந்தவெளியில், ஓடும் தண்ணீரில் எடுக்கப்பட்டது என்ற எண்ணம் வந்துவிடும். காட்டப்படாத பாதியை நாம்தான் மனத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏன் எல்லோரும் ஓட்டமாக நடக்கிறார்கள்?

அவர்கள் ஓடவில்லை, நாம் ஓட்டுகிறோம். கேமராவைக் கையால் சுழற்றிய காலம் அது. நொடிக்கு 16 சட்டகங்கள் (ஃபிலிமிலுள்ள தனித்தனிப் படங்கள்) என்ற அளவில் எடுத்ததை 24 என்ற வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகள்போலத் துள்ளுவார்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். 50 அடித் துண்டு சரியான வேகத்தில் 50 நொடி ஓட வேண்டும். வேகமாக ஓட்டினால் 33 நொடியில் முடிந்துவிடும். கணினியில் பார்க்கும்போது வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துப் பாருங்கள். கேலிச்சித்திரம் மறைந்து, களைத்த மனிதர்கள் தெரிவார்கள்.

இவை உண்மையான ஆவணங்களா, நடிக்கவைத்தவையா?

இரண்டுக்கும் நடுவில். அன்று 'ஆவணப்படம்' என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. முக்காலியில் நின்ற பெரிய பெட்டி எல்லோர் கண்ணிலும் பட்டது. 'வழக்கம்போல வேலை செய்யுங்கள், கேமராவைப் பார்க்காதீர்கள்' என்று ஒளிப்பதிவாளர்கள் சொல்வது இயல்பு. அதனால் இது தன் வேலையைத் தானே நடித்துக்காட்டும் வேலையாள். ஆனால் தெரியாத வேலையை யாரும் அந்த லாவகத்தோடு நடிக்க முடியாது.

நூற்றிருபது ஆண்டுகள் இவை எப்படிப் பிழைத்தன?

காகிதத்தால். 1912 வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு இடமில்லை, புகைப்படத்துக்கு இருந்தது. எனவே தயாரிப்பாளர்கள் படம் முழுவதையும், சட்டகம் சட்டகமாக, நீண்ட காகிதச் சுருளில் அச்சிட்டு வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் புகைப்படமாகப் பதிவு செய்தார்கள். அப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. பிறகு மறந்துபோனார்கள்.

அசல் ஃபிலிம்கள் நைட்ரேட் என்ற பொருளால் ஆனவை. வெடிப்பஞ்சின் உறவுக்காரப் பொருள் அது; பற்றிக்கொண்டால் தண்ணீருக்கடியிலும் எரியும். எரியாமல் தப்பினாலும் ஒட்டிப் பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். காகிதம் அப்படியே இருந்தது. 1950களில் கெம்ப் நைவர் என்பவர் அந்தக் காகிதச் சுருள்களை ஒவ்வொரு சட்டகமாக மீண்டும் ஃபிலிமில் படம்பிடிக்கத் தொடங்கினார். பத்தாண்டுக்கு மேல் பிடித்த வேலை. குளோண்டைக் தொட்டில் மறுபடி ஆடியது அவரால்தான்.

டாசன் நகரத்தில் பனிக்கடியில் கிடைத்த ஃபிலிம் புதையல் இதுதானா?

இல்லை, அது வேறு கதை. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

தங்கம் குறைந்து, 1899-இல் அலாஸ்காவின் நோம் பக்கம் கூட்டம் ஓடியபின் டாசன் சுருங்கியது. 1920களில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் படம் பார்த்தார்கள். விநியோகப் பாதையின் கடைசி ஊர் என்பதால் புதுப்படம் வந்துசேர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆயின. திருப்பி அனுப்பும் செலவுக்கு அந்தச் சுருள் பெறாது என்று விநியோகஸ்தர்கள் கைவிட்டார்கள். உள்ளூர் வங்கியின் பொறுப்பில் சுருள்கள் நூலகத்தின் அடித்தளத்தில் குவிந்தன.

ஊரின் விளையாட்டுச் சங்கக் கட்டடத்தில் ஒரு நீச்சல்குளம் இருந்தது. பனிக்காலத்தில் அதன்மேல் பலகை போட்டு ஹாக்கி ஆடும் பனித்தளமாக்குவார்கள்; ஆனால் குளத்துக்கு மேலே பனி சமமாக உறையவில்லை. 1929-இல் குளத்தை மூடிவிட முடிவு செய்தார்கள். நிரப்ப என்ன இருக்கிறது? வங்கி ஊழியரும் ஹாக்கிச் சங்கப் பொருளாளருமான கிளிஃபர்ட் தாம்சனுக்குச் சுருள்கள் நினைவுக்கு வந்தன. நூற்றுக்கணக்கான சுருள்கள் குளத்துக்குள் போயின. மேலே பலகை, மண். 1951-இல் அந்தக் கட்டடம் எரிந்தே போனது. மண்ணுக்குள் இருந்தவை மட்டும் உறைநிலத்தில் பத்திரமாக இருந்தன.

1978-இல் புதிய பொழுதுபோக்கு மையத்துக்கு நிலம் தோண்டியபோது மண்வாரி இயந்திரத்தில் ஃபிலிம் சிக்கியது. வரலாற்றுக் காப்பாளர் மைக்கேல் கேட்ஸும் டாசன் அருங்காட்சியகத்தின் கேத்தி ஜோன்ஸும் சேற்றிலிருந்து சுருள்களை எடுத்தார்கள். தீப்பிடிக்கும் சரக்கை ஏற்ற வழக்கமான வாகனங்கள் மறுத்தன. கடைசியில் கனடா விமானப் படையின் ஹெர்குலிஸ் விமானம் ஒட்டாவாவுக்குக் கொண்டுபோனது. காப்பாற்றப்பட்டவை 533 சுருள்கள், 372 படங்கள். மௌனக் காலத்து அமெரிக்க முழுநீளப் படங்களில் ஏறத்தாழ எழுபது சதவீதம் அழிந்துவிட்டது என்பதை நினைத்தால் இதன் மதிப்பு புரியும். பில் மாரிசன் 2016-இல் வெளியிட்ட 'டாசன் சிட்டி: ஃப்ரோசன் டைம்' இந்தச் சுருள்களைக் கொண்டே இந்த வரலாற்றைச் சொல்கிறது.

அந்தச் சுருள்களில் டாசன் நகரம் தெரிகிறதா?

இந்த ஊரைத் தேடிப் போனால் ஏமாற்றமே. பெரும்பாலும் 1910களின் அமெரிக்கக் கதைப்படங்கள், தொடர்படங்கள், செய்திப்படங்கள். 1919 பேஸ்பால் உலகத் தொடரின் காட்சிகளும் அவற்றில் இருந்தன. எடிசன் படங்கள் சுரங்க மக்களைக் காட்டுகின்றன; டாசன் சுருள்கள் அதே மக்கள் வேலை முடிந்த மாலையில் என்ன பார்த்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

ஓரங்களில் வெண்சுடர்போல ஏதோ அசைகிறதே?

நீர்க்கறை. சுருளாக உறைந்திருந்தபோது ஓரங்கள் ஈரம் வாங்கின. வெளியே எடுத்ததும் இளகி, படம் பதிந்த படலம் அங்கங்கே கரைந்தது. டாசன் சுருள்களின் கைரேகை அது.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் எங்கே?

குளோண்டைக் என்ற பெயரே அவர்களுடையது. 'ட்ரொண்டெக்' என்றால் சுத்தியல்கல் ஆறு. சால்மன் மீன் பிடிக்கும் பொறிகளுக்காக ஆற்றுப்படுகையில் முளைகளைக் கல்லால் அறைந்த இடம். வந்தவர்கள் வாயில் நுழையாமல் அது குளோண்டைக் ஆனது. ஆற்றுமுகத்தில் இருந்த மீன்பிடி முகாமைப் பரபரப்பு விழுங்கியபோது, தலைவர் ஐசக் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஆற்றோட்டத்தில் கீழேயுள்ள மூஸ்ஹைடுக்குப் போனார். முதல் தங்கத்தைக் கண்ட குழுவிலேயே ஸ்கூக்கம் ஜிம், டாகிஷ் சார்லி, கேட் கார்மாக் ஆகிய பூர்வகுடியினர் இருந்தார்கள்.

தங்கம் கழுவும் காட்சிகளில் இவர்களுக்கு இடமில்லை. அயர்லாந்தில் பிறந்து, இங்கே விடுதி கட்டி, ஓடைகள் கூடுமிடத்தில் ஓர் ஊரையே தோற்றுவித்த பெலிண்டா முல்ரூனி போன்ற பெண்களுக்கும் இல்லை. சட்டகத்துக்குள் இருப்பவரின் பெயர் தெரியவில்லை. பெயர் தெரிந்தவர்கள் சட்டகத்துக்குள் இல்லை. 2023-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை 'ட்ரொண்டெக்-குளோண்டைக்' என்று பூர்வகுடிப் பெயரை முன்னால் வைத்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாமதம்தான், ஆனாலும் மனம் நிறைந்தது.

வண்ணம் சேர்த்து மெருகேற்றிய பதிப்புகளைப் பார்க்கலாமா?

முதலில் அசலைப் பாருங்கள். மெருகேற்றும் மென்பொருள் இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களை இட்டுக்கட்டுகிறது. மங்கிய முகத்துக்குத் தானாக ஒரு மூக்கு வரைகிறது. பெயரில்லாத ஒருவரிடம் மிஞ்சியிருப்பது அந்த முகம் ஒன்றுதான். அதையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் அசல் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

எங்கள் வீட்டிலும் பழைய சுருள் இருக்கிறது. என்ன செய்வது?

இதைப் பெரும்பாலும் கேட்பவர்கள் கோலார் தங்க வயல் குடும்பத்தினர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தோண்டத் தொடங்கியபின் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் தமிழர்கள் திரளாகக் குடியேறினார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. நம் இழப்பும் சிறியதல்ல. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' ஒரு சட்டகம்கூட மிஞ்சவில்லை. 2003 ஜனவரியில் புனேவில் நைட்ரேட் கிடங்கு எரிந்தபோது போனவை திரும்ப வரவே மாட்டா.

சுருளை உடனே புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள். சுருங்கிய ஃபிலிம் கிழிந்துவிடும். அகலத்தைப் பாருங்கள். 16, 8 மில்லிமீட்டர் என்றால் அனேகமாக அஞ்ச வேண்டியதில்லை. 35 மில்லிமீட்டராக இருந்து, 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். ஓரத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும் சொல் 'Nitrate' என்றா, எளிதில் தீப்பற்றாத 'Safety' என்றா எனப் படியுங்கள். சோதிப்பதற்காக நுனியைக் கொளுத்திப் பார்க்கவே கூடாது. வெயில் படாத, ஈரமில்லாத, குளிர்ச்சியான இடத்தில், சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள். பிறகு புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

துருப்பிடித்துவிட்டது என்று டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். மூடியின் உள்பக்கம், சுருளின் தொடக்கத்தில் ஒட்டிய வெள்ளைப் பட்டை, இரண்டையும் பாருங்கள். தாத்தா பென்சிலால் ஏதாவது எழுதியிருப்பார். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் படத்தை ஓட்டிக்காட்டும்போது பக்கத்தில் ஒரு நோட்டுடன் உட்காருங்கள். இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள், எந்த லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) குடியிருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி, அந்தத் தாளை டப்பாவுக்குள்ளேயே வைத்து மூடுங்கள்.